கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு: பிஎச்பியில் தரவு சேர்க்கும்போது நடப்பவை

திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவைச் சேர்ந்த சிலர் கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கணினி வகுப்பு நடத்தத் தீர்மானித்தபோது, பெயர் பதிவு செய்வதற்கான இணையப் படிவத்தை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. பெயர், வகுப்பு, முகவரி, தொலைபேசி எண் என நான்கு கட்டங்கள். பொத்தானை அழுத்தினால் அந்த நான்கும் சர்வரில் உள்ள ஓர் உரைக் கோப்பில் ஒரு வரியாகச் சேர வேண்டும். தரவுத்தளம் வைக்கும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை என்று கருதி, இணையப் பக்கங்களுக்கான நிரல் மொழியான பிஎச்பியில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடித்துக் கொடுத்தேன். ஒரு முறை சோதித்தும் பார்த்தேன். கோப்பைத் திறந்தால் என் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பதிவு தொடங்கியது. நண்பகலில் கோப்பைத் திறந்தபோது அதில் ஒரே ஒரு வரி இருந்தது. கடைசியாகப் பதிவு செய்த சிறுமியின் பெயர் மட்டும்.

அதே சர்வரில், அதே வட்டில், இன்னொரு கோப்பும் இருந்தது. யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று வெப் சர்வர் தானாகவே எழுதிவரும் அணுகல் பதிவேடு அது. அதைத் திறந்தால் காலை 10 மணியிலிருந்து வந்த ஒவ்வொரு படிவமும் ஒரு வரியாக, வந்த நேரத்தோடு, வரிசை குலையாமல் இருந்தது. ஆனால் படிவத்துக்குள் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை அணுகல் பதிவேடு வைத்துக்கொள்வதில்லை. ஆகவே எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எண்ண முடிந்ததே தவிர, யார் யார் என்று அறிய முடியவில்லை. தெருத் தெருவாகப் போய் மீண்டும் பெயர் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டு கோப்புகளிலும் நடந்தது ஒரே வேலை. ஒன்றில் எல்லாம் நின்றன, மற்றொன்றில் கடைசி வரியைத் தவிர எதுவும் நிற்கவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் சிறிய தமிழ்த் தளங்கள் பலவற்றில் இன்றும் வருகையாளர் குறிப்பு, நன்கொடைப் பட்டியல், பிழைப் பதிவு போன்றவை இப்படிப்பட்ட உரைக் கோப்புகளில்தான் சேர்கின்றன.

கோப்பில் தரவு சேர்ப்பது பிஎச்பிக்குப் புறத்தே ஒட்டிய வசதி அல்ல. 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் சி மொழியில் எழுதிய சில சிறு நிரல்களே இம்மொழியின் விதை. இணையத்தில் தாம் வைத்திருந்த தன்விவரக் குறிப்பை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக அவர் அவற்றை எழுதினார். 1995இல் அவை பொதுவெளிக்கு வந்தன. வந்தவரைக் குறித்துவைப்பது என்ற தேவையிலேயே பிறந்த மொழி என்பதால், கோப்பைத் திறக்கும், எழுதும், மூடும் கட்டளைகள் அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. சி மொழியின் எஃப்ஓப்பன், எஃப்ரைட், எஃப்குளோஸ் ஆகியவை பெயர்கூட மாறாமல் பிஎச்பியிலும் உள்ளன.

ஆனால் சி நிரல் ஒன்று மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். பிஎச்பி பக்கம் அப்படியில்லை. ஒருவர் பொத்தானை அழுத்தும்போது அது உயிர்பெறுகிறது, பதிலை அனுப்பியதும் முடிந்துபோகிறது. அடுத்தவர் அழுத்தும்போது முதலிலிருந்து மீண்டும் ஓடுகிறது. முந்தைய ஓட்டத்தின் மாறிகள் எதுவும் அடுத்த ஓட்டத்துக்குத் தெரியாது. ஆகவே கோப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படுகிறது. திறக்கும்போது என்ன நடக்கிறதோ, அது ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தடவை நடக்கும்.

திறக்கும்போது நடப்பதைத் தீர்மானிப்பது எஃப்ஓப்பனுக்கு நாம் தரும் இரண்டாவது மதிப்பு, அதாவது முறையைக் குறிக்கும் எழுத்து. நான் கொடுத்திருந்தது ‘டபிள்யூ’. அந்த எழுத்துக்குப் பொருள், கோப்பு இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் அதன் நீளத்தைப் பூஜ்யமாக்கு என்பதாகும். எழுதத் தொடங்கும் முன்பே, திறந்த கணத்திலேயே, உள்ளே இருந்தவை போய்விடுகின்றன. அதற்குப் பதிலாக ‘ஏ’ என்று கொடுத்திருந்தால், கோப்பு இல்லையென்றால் உருவாகும். இருந்தால் உள்ளடக்கம் அப்படியே நிற்க, எழுதுபவை கடைசியில் சேரும். ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை சோதிக்கும்போது இரண்டு எழுத்துகளும் ஒரே விளைவைக் காட்டும். என் சோதனை என்னை ஏமாற்றியதற்குக் காரணம் அதுதான். சேர்க்கும் நிரலை இரண்டு முறை இயக்கிப் பார்க்காமல் சோதித்ததாகக் கொள்ளக் கூடாது.

‘ஆர்’ எழுத்தோடு கூட்டல் குறி சேர்த்தால் கோப்பை அழிக்காமல் படிக்கவும் எழுதவும் முடியும் என்று ஆவணங்களில் படித்துவிட்டு, அதையே சேர்ப்பதற்கும் பயன்படுத்துபவர்கள் உண்டு. அந்த முறையில் சுட்டி, அதாவது அடுத்து எழுதும் இடத்தைக் காட்டும் குறி, கோப்பின் தொடக்கத்தில் நிற்கும். எழுதினால் இருப்பவற்றை நகர்த்தி இடம் விடாமல், அவற்றின் மேலேயே எழுதிச் செல்லும். தமிழில் இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு கோப்பில் முதல் வரி ‘மதுரை’, இரண்டாம் வரி ‘திருச்சி’ என்று வைத்துக்கொள்வோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் தரம் யூனிகோட்; அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை யூடிஎஃப்-8. இந்தக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட்டு இடம் எடுக்கும். ‘மதுரை’யில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 குறிகள், ஆகவே 15 பைட்டு. வரி முறிவுக்கு 1 பைட்டு. இப்போது தொடக்கத்தில் ‘சென்னை’ என்று எழுதினால், அதற்கு 6 குறிகள், 18 பைட்டு. அது மதுரையின் 15 பைட்டையும், வரி முறிவையும் விழுங்கி, ‘திருச்சி’யின் முதல் எழுத்தான தகரத்தின் 3 பைட்டுகளில் 2ஐயும் தின்றுவிடும். எஞ்சிய 1 பைட்டு எந்த எழுத்தும் ஆகாது. திரையில் ‘சென்னை’க்குப் பின் ஒரு கேள்விக்குறிக் கட்டம், அதன் பின் ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் தனித்து நிற்கும் இகரக் குறி, பிறகு ‘ருச்சி’. இரண்டு வரிகள் ஒன்றாகி, ஒன்று பாழாகியிருக்கும். ஆங்கில எழுத்துகளில் இந்தத் தவறு நடந்தால் கோப்பு தவறான சொற்களோடு இருக்கும். தமிழில் நடந்தால் கோப்பே செல்லாத குறியாக்கமாகிவிடும்.

சரி, ‘ஏ’ என்ற எழுத்து உள்ளே என்ன செய்கிறது? இங்கேதான் இந்த விஷயத்தின் நுட்பம் இருக்கிறது. கடைசிக்குப் போய் எழுதுவது என்பதை இரண்டு படிகளாகவும் செய்யலாம்: கோப்பின் நீளத்தைக் கேட்டு அங்கே சுட்டியைக் கொண்டுபோய் வைப்பது முதல் படி, எழுதுவது இரண்டாம் படி. தனியாள் பயன்படுத்தும் கணினியில் இது போதும். ஆனால் வெப் சர்வரில் ஒரே நேரத்தில் பல பிஎச்பி ஓட்டங்கள் நடந்துகொண்டிருக்கும். கோப்பு 1,200 பைட்டு நீளம் இருக்கும்போது இரண்டு பேர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால், இரண்டு ஓட்டங்களும் கடைசி இடம் 1,200 என்று குறித்துக்கொள்ளும். முதலாவது அங்கே எழுதும். இரண்டாவதும் அங்கேயே, முதலாவதின் மேலேயே எழுதும். ஒருவர் பெயர் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் இதற்குத் தரும் தீர்வு, ஓ-அப்பெண்ட் என்னும் குறி. இந்தக் குறியோடு திறக்கப்பட்ட கோப்பில் எழுதச் சொன்னால், ஒவ்வொரு எழுத்துக்கட்டளையின்போதும் அந்தக் கணத்தின் கடைசி இடத்தை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே கண்டு, இடையில் வேறு யாரும் புகாதபடி அங்கே எழுதுகிறது. இடத்தைக் கண்டறிவதும் எழுதுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாகின்றன. பிஎச்பியில் ‘ஏ’ என்று நாம் தரும்போது இந்தக் குறிதான் கீழே போகிறது. அதனால்தான் ‘ஏ’ முறையில் திறந்த கோப்பில் எஃப்சீக் கட்டளையால் சுட்டியை எங்கே நகர்த்தினாலும், எழுத்து கடைசியில்தான் விழும். நடுவில் எழுத விரும்பும் தொடக்கநிலையாளர்களுக்கு இது எரிச்சலூட்டும் தடையாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடைதான் பழைய வரிகளுக்குக் காவல். வெப் சர்வரின் அணுகல் பதிவேடு ஒரு வரியும் இழக்காமல் இருந்ததற்கும் இதே குறியே காரணம்.

நெட்வொர்க் வழியாக வேறு கணினியிலிருந்து இணைக்கப்பட்ட என்எஃப்எஸ் வட்டுகளில் இந்த உத்தரவாதம் இல்லை. பல ஓட்டங்கள் ஒரே நேரத்தில் சேர்த்தால் கோப்பு கெடலாம் என்று லினக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. பல சர்வர்கள் ஒரு கோப்பைப் பகிரும் அமைப்புக்கு வந்துவிட்டீர்கள் என்றால் உரைக் கோப்பை விட்டு விலகும் நேரமும் வந்துவிட்டது.

கெர்னல் காப்பது ஒவ்வொரு தனி எழுத்துக்கட்டளையை மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிவை நாம் மூன்று நான்கு எஃப்ரைட் கட்டளைகளாகப் பிரித்து எழுதினால், அவை மூன்று நான்கு தனிச் செயல்களாகக் கெர்னலுக்குப் போகின்றன. அவற்றுக்கு நடுவே மற்றொரு ஓட்டத்தின் எழுத்து நுழையலாம். முதலில் பெயர், பிறகு வகுப்பு, பிறகு முகவரி, கடைசியில் வரி முறிவு என்று துண்டு துண்டாக எழுதும் நிரலில், இரண்டு பிள்ளைகளின் பதிவுகள் ஒரே நொடியில் வந்தால், ஒருத்தியின் பெயருக்கு அடுத்து இன்னொருவனின் பெயரும், இரண்டு வகுப்புகளும், யாருடையது என்று பிரிக்க முடியாத இரண்டு முகவரிகளும் ஒரே வரியில் கோத்துக் கிடக்கும். எந்த எழுத்தும் அழியவில்லை, ஆனாலும் பதிவு பயனற்றுப் போயிற்று. ஆகவே வரி முழுவதையும், வரி முறிவு உட்பட, ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராக, முதலில் கோத்துக்கொண்டு, ஒரே எஃப்ரைட்டில் எழுதுவதே முறை. பிஎச்பியின் பழைய பதிப்புகள் 8,192 பைட்டுக்கு மேற்பட்ட சரத்தைத் தாமாகவே துண்டுகளாக்கி எழுதின என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் அது ஏறத்தாழ 2,730 யூனிகோட் குறிகள். ஒரு நீண்ட கடிதத்தை ஒருவர் படிவத்தில் எழுதினால் தாண்டிவிடக்கூடிய அளவு.

இந்த நிலைக்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் பூட்டு வேண்டும். எஃப்லாக் என்னும் கட்டளை கோப்பின் மீது தனிப்பூட்டு ஒன்றைக் கேட்கும். வேறு ஓட்டம் அதை வைத்திருந்தால், அது விடும்வரை காத்திருக்கும். லினக்ஸில் இது மதிப்பவர்களுக்கு மட்டுமான பூட்டு. எஃப்லாக் கேட்காமல் நேரடியாக எழுதும் இன்னொரு நிரலை அது தடுக்காது. எனவே அந்தக் கோப்பைத் தொடும் எல்லா நிரல்களும் பூட்டைக் கேட்க வேண்டும் என்பது நமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். விண்டோஸில் அது கட்டாயப் பூட்டு. தம் கணினியில் விண்டோஸில் எழுதிச் சோதித்துவிட்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றுபவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2004இல் வந்த பிஎச்பி 5, திறப்பது, எழுதுவது, மூடுவது ஆகிய மூன்றையும் ஒரே கட்டளையில் அடக்கி, ஃபைல்-புட்-கன்டென்ட்ஸ் என்ற பெயரில் தந்தது. கோப்பின் பெயர், சரம், பிறகு மூன்றாவது மதிப்பாக ஃபைல்-அப்பெண்ட், லாக்-இஎக்ஸ் ஆகிய இரண்டு குறிகளையும் செங்குத்துக் கோட்டால் இணைத்துக் கொடுத்தால், பூட்டிக் கடைசியில் சேர்த்துப் பூட்டை விடும் வேலை ஒரே வரியில் முடிகிறது. சிறிய தேவைகளுக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு: மூன்றாவது மதிப்பைக் கொடுக்க மறந்தால், கட்டளையின் இயல்பு பழையதை அழித்துவிட்டு எழுதுவதுதான். ‘டபிள்யூ’ என்று எழுதும்போதாவது ஓர் எழுத்தைத் தேர்ந்தோம் என்ற உணர்வு இருக்கும். இங்கே எதையும் எழுதாமல் விடுவதே அழிவைத் தேர்வதாகிவிடுகிறது. நிரலைச் சரிபார்க்கும்போது இந்தக் கட்டளை வரும் இடங்களில் நான் முதலில் தேடுவது அந்த மூன்றாவது மதிப்பைத்தான்.

பூட்டு இன்றியமையாததாகும் இடம் வேறொன்று. பதிவு செய்தவருக்கு வரிசை எண் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் 40 வரி இருந்தால் புதியவருக்கு 41. இங்கே முதலில் படிக்க வேண்டும், பிறகு அந்த விடையை வைத்து எழுத வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொருவர் வந்தால் இருவருக்கும் 41 கிடைக்கும். எழுதும்போது மட்டும் பூட்டுவது இதற்கு உதவாது. கோப்பை ‘ஏ’ எழுத்தோடு கூட்டல் குறி சேர்த்துத் திறந்து, உடனே பூட்டி, எண்ணி, எழுதி, அதன் பிறகே பூட்டை விட வேண்டும். ‘டபிள்யூ’வில் திறந்துவிட்டுப் பிறகு பூட்டுவதும் இதே வகைத் தவறுதான், ஏனென்றால் பூட்டுக் கிடைப்பதற்கு முன்பே, திறந்தபோதே, மற்றவர் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு காலியாகிவிடுகிறது. பிஎச்பியில் பின்னால் சேர்க்கப்பட்ட ‘சி’ என்னும் முறை இதற்காகவே இருக்கிறது: அழிக்காமல் திற, பூட்டு, பிறகு வேண்டுமானால் அழி.

இனி வரிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். உரைக் கோப்பில் ஒரு பதிவு எங்கே முடிகிறது என்பதைச் சொல்வது வரி முறிவு ஒன்றுதான். பிஎச்பியில் பின்சாய்வுக் கோட்டையும் ‘என்’ எழுத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அது வரி முறிவாகும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் அந்த இரண்டு குறிகளும் அப்படியே கோப்பில் விழும், எல்லாப் பதிவுகளும் ஒரே நீண்ட வரியாகும். புதிதாகக் கற்பவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இது. இன்னொரு பக்கம், பயனர் தட்டச்சு செய்யும் முகவரியிலேயே வரி முறிவு இருக்கலாம். அதை நீக்காமல் எழுதினால் ஒருவர் பதிவு இரண்டு மூன்று வரிகளாகும். தீய நோக்கமுள்ளவர் இதைக் கொண்டே, வேறொருவர் பதிவு செய்ததுபோல் ஒரு பொய் வரியை உள்ளே புகுத்திவிடலாம்.

காற்புள்ளியால் பிரித்து எழுதலாம் என்றால், சென்னை முகவரி அதற்கு இடம் கொடுக்காது. ‘புதிய எண் 12, பழைய எண் 5, பெரிய தெரு, திருவல்லிக்கேணி, சென்னை 600005’ என்று ஒருவர் எழுதினால் முகவரிக்குள்ளேயே நான்கு காற்புள்ளிகள். வெறுமனே காற்புள்ளி போட்டுக் கோத்தால், பிரிக்கும்போது தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் பழைய கதவு எண் நிற்கும். எஃப்புட்சிஎஸ்வி என்னும் கட்டளை, தேவைப்படும் கட்டங்களை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து, உள்ளே மேற்கோள் இருந்தால் அதை இரட்டித்து, முழு வரியையும் ஒரே எழுத்துக்கட்டளையாக எழுதிவிடுகிறது. ஆகவே ‘ஏ’ முறையோடு நன்றாகப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் அதனால் தடுக்க முடியாது. கதவு எண்ணைத் தனிக் கட்டமாக வாங்கி, நம் ஊர் வழக்கப்படி ஒருவர் 12/5 என்று எழுதியிருந்தால், அந்தக் கோப்பை எக்செலில் திறக்கும்போது அது தேதியாக மாறிவிடும். கோப்பில் சரியாகத்தான் இருக்கிறது; திறந்து, சேமித்து, திருப்பி ஏற்றினால்தான் கெடுகிறது. முகவரியை ஒரே கட்டமாக வைத்துக்கொள்வது இதற்கு நான் கண்ட எளிய வழி.

எக்செல் தொடர்பாக இன்னொன்று. தமிழ் யூடிஎஃப்-8 கோப்பை எக்செல் சரியாக அடையாளம் காண, கோப்பின் முதலில் பிஓஎம் எனப்படும் 3 பைட்டுக் குறி இருக்க வேண்டும் என்று பலரும் கண்டறிந்து, அதை எழுதும் வரியையும் நிரலில் சேர்க்கிறார்கள். கோப்பைப் புதிதாக உருவாக்கும்போது அது சரி. சேர்க்கும் நிரலில் அதை நிபந்தனையின்றி வைத்தால், ஒவ்வொரு வரியின் முன்னும் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டு ஒட்டிக்கொள்ளும். பின்னர் பெயர்க் கட்டத்தை ‘கவிதா’வோடு ஒப்பிட்டுத் தேடினால் திரையில் தெரியும் ‘கவிதா’ கிடைக்காது. பூட்டைப் பெற்ற பிறகு எஃப்ஸ்டாட் கட்டளையால் நீளத்தைக் கேட்டு, பூஜ்யமாக இருந்தால் மட்டும் பிஓஎம்மும் தலைப்பு வரியும் எழுத வேண்டும். ஃபைல்சைஸ் கட்டளையை இதற்கு நம்ப வேண்டாம். ஒரு முறை கேட்ட விடையை பிஎச்பி நினைவில் வைத்துக்கொண்டு அதே ஓட்டத்தில் மீண்டும் அதையே சொல்லும்.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய சிக்கல் குறியாக்கக் கலப்பு. யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி என்னும் தமிழ்க் குறியாக்கம் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய அமைப்புகளில் டிஸ்கியில் சேர்ந்த கோப்பு ஒன்றின் கடைசியில் இன்றைய படிவத்திலிருந்து வரும் யூடிஎஃப்-8 வரியைச் சேர்த்தால், இயங்குதளமோ பிஎச்பியோ ஆட்சேபிக்காது, ஏனென்றால் அவற்றுக்குக் கோப்பு என்பது வெறும் பைட்டு வரிசை. ஆனால் அதன் பிறகு எந்தக் குறியாக்கத்தில் திறந்தாலும் கோப்பின் ஒரு பகுதி படிக்க முடியாததாகவே இருக்கும். பழைய கோப்பு முழுவதையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, வேறு பெயரில் வைத்து, அதில் சேர்க்கத் தொடங்குவதே வழி. நூலக அட்டவணை, சொற்பட்டியல், கோயில் நன்கொடையாளர் பட்டியல் என ஆண்டுக்கணக்கில் ஒருவர் தட்டச்சு செய்தவை இப்படி இரு பாதிகளாக உடைந்து கிடப்பதைப் பார்ப்பது வருத்தமான அனுபவம். ஐந்து நிமிடக் கவனத்தில் தவிர்த்திருக்கலாம்.

தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசான் வடிவத்தில் வைக்க விரும்புபவர்கள், பட்டியலின் முடிவுக் குறிக்குப் பின் எதையும் சேர்க்க முடியாது என்பதால், வரிக்கு ஒரு ஜேசான் என்ற முறையைப் பின்பற்றலாம். அப்போது ஜேசான்-அன்எஸ்கேப்ட்-யூனிகோட் குறியைத் தராவிட்டால், 3 பைட்டில் முடியும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 6 பைட்டுச் சங்கேதமாக எழுதப்படும்.

சேர்க்க அனுமதி இருக்கிறதா என்பது தனிக் கதை. டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் சர்வர்களில் வெப் சர்வர் பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்னும் பயனராக இயங்கும். நாம் உள்நுழைந்து நம் பெயரில் உருவாக்கி வைத்த கோப்பில் அந்தப் பயனருக்குப் படிக்க மட்டுமே உரிமை இருக்கும், எஃப்ஓப்பன் தோல்வியடையும். உடனே 777 உரிமை கொடுத்துவிடு என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அது சர்வரில் உள்ள எல்லோருக்கும் எழுதும் உரிமையைத் தருவதாகும். கோப்பின் குழுவை வெப் சர்வரின் குழுவாக மாற்றி, குழுவுக்கு மட்டும் எழுதும் உரிமை தருவது போதும். கோப்பு இருக்கும் இடமும் முக்கியம். தளத்தின் பொது அடைவுக்குள்ளேயே வைத்தால், பெயரை ஊகித்தவர் எவரும் உலாவியில் தட்டி எல்லாப் பிள்ளைகளின் தொலைபேசி எண்களையும் இறக்கிக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது; தெருமுனைப் படிவம் என்பதற்காகப் பொறுப்பு குறைவதில்லை. கோப்பைப் பொது அடைவுக்கு வெளியே வைக்க வேண்டும்; எக்காரணம் கொண்டும் அதன் பெயர் பிஎச்பி என்று முடியக் கூடாது. அப்படி முடிந்தால், பயனர் படிவத்தில் எழுதி அனுப்பும் பிஎச்பி நிரல், அந்தக் கோப்பை உலாவியில் கேட்கும் கணத்தில், உங்கள் சர்வரில் வெப் சர்வரின் உரிமையோடு ஓடும்.

எழுதிவிட்டோம் என்று பயனருக்குச் சொல்வதற்கு முன், எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எஃப்ரைட்டும் ஃபைல்-புட்-கன்டென்ட்ஸும் எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருகின்றன. தோல்வி என்றால் பொய் மதிப்பு. பைட்டுகளின் எண்ணிக்கை என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ‘சென்னை’ கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 6 குறி, கோப்பில் 18 பைட்டு. நீளத்தைக் கேட்டால் எஸ்டிஆர்லென் கட்டளை 18 என்று சொல்லும், எம்பி-எஸ்டிஆர்லென் 6 என்று சொல்லும். ஒப்பிட வேண்டியது முதலாவதோடு. வட்டு நிரம்பிவிட்டால் பாதி வரி மட்டும் எழுதப்பட்டு, திரும்பி வரும் எண் குறைவாக இருக்கலாம். எச்சரிக்கைச் செய்தி அசிங்கமாக இருக்கிறது என்று கட்டளையின் முன் அடக்கும் குறியைப் போட்டுவிட்டு, விடையையும் பார்க்காமல், ‘பதிவுக்கு நன்றி’ என்று காட்டும் பக்கம் மக்களிடம் உண்மையல்லாத ஒன்றைச் சொல்கிறது.

சரியாக எழுதப்பட்ட பின்னும், தரவு முதலில் போய்ச் சேர்வது கெர்னலின் நினைவகத்தில்தான். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அது வட்டுக்கு இறங்க ஏறத்தாழ 30 விநாடி வரை ஆகலாம். தரவு மையத்தில் இது கவலைக்குரியதல்ல. ஆனால் அலுவலக மூலையில் ஒரு பழைய கணினியையே சர்வராக வைத்திருக்கும் அமைப்புகள் சென்னையில் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும் இந்நகரில் மின்சாரம் எப்படிப் போனது என்பதை நாம் மறக்கவில்லை. பிஎச்பி 8.1இல் வந்த எஃப்சிங்க் கட்டளை, வட்டில் இறங்கியது என்று உறுதியாகும்வரை காத்திருந்து பிறகே திரும்புகிறது. வேகம் சற்றுக் குறையும். நன்கொடை, கட்டணம் போன்றவற்றைக் குறிக்கும் வரிகளுக்கு அந்தத் தாமதத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

ஒருவர் பதிவை விலக்கிக்கொள்ள விரும்பினால் என்ன செய்வது? நடுவிலுள்ள வரியை நீக்க வேண்டுமென்றால், மீதி வரிகளைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, ரீநேம் கட்டளையால் பழைய பெயருக்கு மாற்ற வேண்டும்; அந்த நேரத்தில் பழைய கோப்பைத் திறந்து வைத்திருந்தவர் எழுதியது காணாமற்போகும். சவுகார்பேட்டைக் கடைகளில் பேரேடு எழுதிப் பழகியவர்கள் தவறான பதிவை அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு ஒன்றைக் கீழே எழுதுவார்கள். சேர்க்க மட்டுமே தெரிந்த கோப்புக்கும் அதுவே பொருத்தம்: ‘இன்ன எண்ணுள்ள பதிவு விலக்கப்பட்டது’ என்று இன்னொரு வரி, படிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்று. பெயரையும் எண்ணையும் முற்றிலும் நீக்கியாக வேண்டும் என்றாலோ, விலக்கமும் திருத்தமும் அன்றாட வேலையாகிவிட்டாலோ, கோப்பில் தொடரக் கூடாது. அதே பிஎச்பியோடு வரும் சிறிய தரவுத்தளமான எஸ்க்யூலைட்டுக்கு மாறுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

அடுத்த கோடையில் அதே படிவத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பொது அடைவுக்கு வெளியே கோப்பு, ‘ஏ’ முறை, பூட்டு, எஃப்புட்சிஎஸ்வி, எண்ணிக்கை சரிபார்ப்பு. அன்று மாலை அணுகல் பதிவேட்டையும் பெயர்க் கோப்பையும் அருகருகே திறந்து வைத்து, வந்த ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று நேரத்தை ஒப்பிட்டுக் கடைசி வரை பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஓரிடத்தில் ஒரே பெயரும் ஒரே தொலைபேசி எண்ணும் சில விநாடி இடைவெளியில் இரண்டு வரிகளாக வந்திருந்தன; பக்கம் வரத் தாமதமானதால் அந்தத் தாய் பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருந்தார். பூட்டு இரண்டையும் வரிசையாக உள்ளே விட்டிருந்தது. படிவத்தை ஏற்றவுடன் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வரியையும், ஒரு முறை அழுத்தியதும் பொத்தானைச் செயலிழக்கச் செய்யும் வரியையும் அன்று இரவே சேர்த்தேன். கோப்பில் அந்த இரண்டாவது வரியைத் தொடவில்லை, அதன் எண்ணைக் குறிப்பிட்டு விலக்கல் வரி ஒன்றைக் கீழே எழுதினேன்.